சரக்கு மண்ணுக்கடியில் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்சல் சர்வீஸ் குடோன் ஒன்றில் ஆறு வருடம் கணக்கு எழுதியிருக்கிறேன். ஒரு பெட்டி லாரியில் ஓடுகிற நேரத்தைவிட, ஏறவும் இறங்கவும் காத்துக்கிடக்கிற நேரம்தான் அதிகம் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். சரக்கைச் சுரங்கத்தில் அனுப்பும் திட்டங்கள் மேல் எனக்கு அக்கறை வந்ததும் அதனால்தான். இதைப் பற்றிப் பேச்செடுக்கும் போதெல்லாம் நண்பர்கள் கேட்கிற கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

மெட்ரோ ரயிலில் சாமான் ஏற்றி அனுப்புவதைத்தான் சொல்கிறீர்களா?

இல்லை. சரக்குக்காக மட்டுமே தோண்டிய பாதையைச் சொல்கிறேன். அதில் பயணிகள் கிடையாது, பெரும்பாலும் ஓட்டுநரும் கிடையாது. ஆள் போகிற சுரங்கம் என்றால் அகலமான பிளாட்பாரம், நகரும் படிக்கட்டு, குளிர்ந்த காற்று, அவசர வழி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அரிசி மூட்டைக்கும் மருந்துப் பெட்டிக்கும் அதெல்லாம் வேண்டாம். குழாயைச் சின்னதாகத் தோண்டினாலே போதும். சுரங்கத்தின் விட்டம் பாதியானால் வெட்டி எடுக்கிற மண் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த யோசனைக்கு உயிர் கொடுக்கிற கணக்கே அதுதான்.

இது புதிய யோசனையா?

நூறு வருடத்துக்கும் மேல் பழையது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1899-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். தொலைபேசிக் கம்பிகள் போடத்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள். ஒரு மதுக்கடையின் அடித்தளத்தில் இறங்கி, நீலக் களிமண்ணைக் கத்தியால் சீவிச் சீவி எடுத்து, இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். கம்பி போட வேண்டிய பொந்தில் இரண்டடி அகலத் தண்டவாளமும் சேர்ந்து வந்தது. தெருவுக்கு 12 மீட்டர் கீழே, முட்டை வடிவத்தில், ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய உயரம். 1906-இல் சரக்கு ஓடத் தொடங்கியது. கடைசியில் அந்த வலை சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரின் மையம் முழுக்கப் பரவியது. ஏறக்குறைய 150 மின்சார என்ஜின்கள், 3,000-க்கும் அதிகமான குட்டி வேகன்கள்.

அதில் என்ன போனது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்தக் காலத்துப் பெரிய கட்டடங்களைக் குளிர்காலத்தில் சூடாக்க நிலக்கரி எரிக்க வேண்டும். கரி கீழ்வழியாக அடித்தளத்துக்கு வந்து சேரும். எரிந்த சாம்பல் அதே வேகனில் திரும்பிப் போகும். போகும்போதும் லோடு, வரும்போதும் லோடு. லாரித் தொழிலில் இருக்கிற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். ரிட்டர்ன் லோடு தானாகவே கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. சுரங்கத்துக் காற்று எப்போதும் 13 டிகிரி அளவில் குளிர்ந்தே இருக்கும். வெயில் காலத்தில் அந்தக் காற்றைச் சினிமா தியேட்டர்களுக்கு விற்றார்கள்.

லண்டனில் தபாலுக்கென்றே ஒரு ரயில் இருந்ததாமே?

இருந்தது, 75 வருடம் ஓடியது. மேற்கே பாடிங்டன் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே ஒயிட்சேப்பல் வரை 10.5 கிலோமீட்டர், வழியில் மொத்தம் எட்டு நிலையங்கள். தெரு நெரிசலில் தபால் வண்டிகள் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றதால்தான் இதைத் திட்டமிட்டார்கள். குதிரை வண்டியும் மோட்டார் வண்டியும் கலந்து போன காலம் அது. முதல் உலகப் போர் குறுக்கிட்டது. குழாய் தோண்டி முடிந்தும் தண்டவாளம் போட முடியாமல், பிரிட்டிஷ் மியூசியம் உள்ளிட்ட இடங்களின் அரும்பொருள்களை வான்வழிக் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற அங்கே இறக்கி வைத்தார்கள். எகிப்திலிருந்து வந்த ரொசெட்டா கல்லும் அதில் ஒன்று. 1927 டிசம்பரில், கிறிஸ்துமஸ் பார்சல்களோடு, ரயில் ஓட ஆரம்பித்தது.

ஓட்டுநர் இல்லாமல், மின்சாரத்தில், 1927-லேயே ஓடியது என்பதைக் கவனியுங்கள். முக்கியச் சுரங்கத்தின் விட்டம் 2.7 மீட்டர்தான், அதற்குள் இரட்டைப் பாதை. சுரங்கம் சுமார் 21 மீட்டர் ஆழத்தில் இருக்கும், நிலையங்கள் அதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். ஆகவே நிலையத்துக்கு வரும் ரயில் மேடேற வேண்டும். ஏறும்போது வேகம் தானாகவே குறையும். கிளம்பும்போது சரிவில் இறங்குவதால் தானாகவே வேகம் பிடிக்கும். பிரேக்குக்கும் வேலை குறைவு, மோட்டாருக்கும் வேலை குறைவு. மண்ணின் ஏற்ற இறக்கத்தையே பயன்படுத்திக்கொண்ட அந்த வடிவமைப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதை வருகிறது. உச்சத்தில் ஒரு நாளைக்கு 40 லட்சம் கடிதங்கள் அந்தப் பாதையில் போயின.

அவ்வளவு நன்றாக ஓடியது என்றால் ஏன் மூடினார்கள்?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

2003 மே மாத இறுதியில் லண்டன் ரயிலை நிறுத்தினார்கள். சாலையில் அனுப்புவதைவிட ஐந்து மடங்கு செலவாகிறது என்று பிரிட்டனின் தபால் நிறுவனமான ராயல் மெயில் சொன்னது. ரயிலின் முழுத் திறனையும் பயன்படுத்தாமல் வேண்டுமென்றே தேய விட்டுவிட்டு இப்போது கணக்குக் காட்டுகிறார்கள் என்று தொழிற்சங்கம் சொன்னது. யார் சொன்னது சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மூடும் நேரத்தில் எட்டு நிலையங்களில் மூன்றுதான் பயன்பாட்டில் இருந்தன. காரணம் இதுதான்: பெரும்பாலான நிலையங்களுக்கு நேர் மேலே ஒரு தபால் பிரிக்கும் அலுவலகம் இருந்தது. பை கீழே வந்தால் லிஃப்ட் வழியாக நேராகப் பிரிக்கிற மேசைக்குப் போகும். காலப்போக்கில் அந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றாக வேறு இடத்துக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு சுரங்கத்தில் வந்த பையை மேலே எடுத்து, வேனில் ஏற்றி, இன்னோர் இடத்தில் இறக்க வேண்டும். வேனில் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலிலிருந்தே வேனில் போகலாமே என்ற கேள்வி வந்துவிடும். வரத்தான் செய்தது.

சிகாகோவிலும் இதே கதைதான். நிலக்கரி போய் இயற்கை எரிவாயு வந்தது. கரி இல்லை, ஆகவே சாம்பலும் இல்லை. வாசலிலிருந்து வாசலுக்குப் போகிற லாரி வந்தது. 1940 வாக்கில் பயணிகள் சுரங்க ரயில் கட்டியபோது சில இடங்களில் பழைய குழாய்களையே துண்டித்தார்கள். 1959-இல் எல்லாம் நின்றது.

இரண்டு ஊரிலும் சுரங்கம் கெட்டுப்போகவில்லை. ரயிலும் ஓடும் நிலையில்தான் இருந்தது. சுரங்கத்தின் இரண்டு முனையிலும் சரக்கு ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும்தான் கைவிட்டுப் போயின.

ஏற்றி இறக்குவது அவ்வளவு பெரிய செலவா?

குடோனில் நான் பார்த்த ஒரு சாதாரணப் பார்சலைச் சொல்கிறேன். திருப்பூரிலிருந்து மதுரை கடைக்குப் போகும் ஒரு பனியன் பண்டல். கம்பெனியிலிருந்து டெம்போவில் ஏறும். புக்கிங் ஆபீஸில் இறங்கும். இரவு லாரியில் ஏறும். விடிகாலை மதுரை குடோனில் இறங்கி, ஏரியா வாரியாக அடுக்கப்படும். அப்புறம் குட்டி யானையில் ஏறி, கடை வாசலில் இறங்கும். ஒரு பண்டலுக்கு ஆறு தடவை கை படுகிறது. ஒவ்வொரு கைக்கும் ஏற்றுக்கூலியோ இறக்குக்கூலியோ உண்டு. மழைநாளில் பண்டல் நனைவதும், ஓரம் கிழிவதும், வேறு ஊர் அடுக்கில் போய்ச் சேர்வதும் பெரும்பாலும் இந்த ஆறு இடங்களில்தான். லாரி நெடுஞ்சாலையில் ஓடும்போது கெட்டுப்போன சரக்கு என் பதிவேட்டில் மிகக் குறைவு.

சுரங்கம் இந்த ஆறை எட்டாக்கினால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். ஆறை நான்காக்கினால் வரிசையில் நிற்பார்கள். எந்த நிலத்தடித் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும் முதலில் நான் தேடுவது வேகத்தையோ தொழில்நுட்பத்தையோ அல்ல. சரக்கு எங்கே கீழே இறங்குகிறது, எங்கே மேலே வருகிறது, வந்த இடத்தில் அதை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன்.

இப்போது யார் உண்மையாகவே கட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள்?

நான் அதிகம் கவனித்து வருவது சுவிட்சர்லாந்தின் கார்கோ சூ தெரான் திட்டத்தை. பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு 'நிலத்தடிச் சரக்கு' என்றுதான் பொருள். ஜெனீவாவிலிருந்து சாங்க்ட் காலன் வரை, கிளைகளோடு சேர்த்து, 500 கிலோமீட்டர் வலை. முதல் கட்டம் ஹெர்கிங்கன், நீடர்பிப் பகுதியிலிருந்து சூரிச் வரை சுமார் 70 கிலோமீட்டர், அதில் பத்து நிலையங்கள். சுரங்கத்தின் விட்டம் 6 மீட்டர், மூன்று பாதைகள். தானாக ஓடும் மின்வண்டிகள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், இரவும் பகலும் நிற்காமல், பேலட் எனப்படும் பலகை அடுக்குகளைச் சுமந்து போகும். சின்னப் பார்சல்களுக்கு மேற்கூரையில் தனியாக ஒரு தொங்கு பாதை. முதல் கட்டத்துக்கு 300 கோடி ஃப்ராங்க்குக்கு மேல், முழு வலைக்கும் 3,000 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

30 கிலோமீட்டர் வேகம் என்றதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அது நல்ல முடிவாகத்தான் படுகிறது. சரக்குக்கு வேகத்தைவிட, சொன்ன நேரத்துக்கு வருவதுதான் முக்கியம். நிற்காமல் 30-இல் ஓடினால் 70 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்துக்குள் கடக்கலாம். நெரிசலில் சிக்கிய லாரியால் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது.

இதில் இரண்டு விஷயங்கள் என்னை நம்பிக்கையோடு பார்க்க வைத்தன. கோஆப், மிக்ரோ போன்ற பெரிய சில்லறை வணிக நிறுவனங்களும் தபால் துறையும் பங்குதாரர்களாகச் சேர்ந்தன. அதாவது சரக்கு வைத்திருப்பவர்களே முதலாளிகள். இரண்டாவது, நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி 2022 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. யார் சரக்கு கொண்டுவந்தாலும் பாகுபாடின்றி ஏற்ற வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அரசுப் பணம் கிடையாது, தனியார் முதலீடுதான்.

முதல் கட்டத்துக்கு 2031 என்று ஆண்டு குறித்திருந்தார்கள். ஆனால் பாதை வழியிலிருக்கிற மாநிலங்களும் ஊராட்சிகளும் கடினமான கேள்விகள் கேட்டன. நிலையங்களைச் சுற்றி வேன் நெரிசல் அதிகமாகிவிடாதா என்பது அதில் ஒன்று. நியாயமான கேள்வி அது. சரக்கு மேலே வருகிற இடத்தில்தான் இந்தத் திட்டம் பிழைக்கும் அல்லது விழும்.

உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

ஓடும்போது நல்லது. டீசல் புகை இல்லை, ஹாரன் இல்லை, தெருவில் விபத்து இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 80-இல் ஓடுவதற்கும் 30-இல் ஓடுவதற்கும் அந்த எதிர்ப்பில் ஏழு மடங்கு வித்தியாசம் வரும். குழாய்க்குள் வண்டி காற்றைப் பிஸ்டன் மாதிரித் தள்ளிக்கொண்டு போவதால் அதில் ஒரு பங்கு திரும்பச் செலவாகிவிடும், ஆனாலும் லாபம்தான். சிக்னலில் நின்று நின்று கிளம்புகிற வேலையும் இல்லை.

கட்டும்போது அப்படிச் சொல்ல முடியாது. 6 மீட்டர் விட்டத்தில் ஒரு கிலோமீட்டர் தோண்டினால் 28,000 கன மீட்டருக்கு மேல் மண் வரும். 70 கிலோமீட்டருக்குச் சுமார் 20 லட்சம் கன மீட்டர். அதை அள்ளிக்கொண்டு போவதும் லாரிகளோ ரயிலோதான். சுவர் முழுக்க சிமெண்டும் இரும்பும். சிமெண்ட் தயாரிப்பு கரியமில வாயுவை அள்ளிக் கொட்டுகிற தொழில். அந்தக் கடனை அடைக்க, சுரங்கம் பல பத்தாண்டுகள் நிறைய லோடோடு ஓட வேண்டும். பாதிக் காலியாக ஓடுகிற சுரங்கத்தைப் பசுமைத் திட்டம் என்று என்னால் சொல்ல முடியாது. கணக்கு மறுபடியும் அந்த ஏற்று, இறக்கு இடத்துக்கே வந்து நிற்கிறது.

மண்ணுக்கடியில் போகிறது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்பதற்கு இன்னொரு உதாரணம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் பிளாக் மேசா குழாய் 1970 முதல் 2005 வரை ஓடியது. நிலக்கரியைப் பொடியாக்கி, தண்ணீரில் குழம்பாகக் கலந்து, 439 கிலோமீட்டர் தூரம் நெவாடாவில் உள்ள மின்நிலையத்துக்குத் தள்ளினார்கள். லாரி இல்லை, ரயில் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு வறண்ட நிலத்தின் ஆழத்திலிருந்து உறிஞ்சப்பட்டது. அங்கே வாழும் ஹோப்பி, நவஹோ பழங்குடி மக்கள் தங்கள் ஊற்றுகள் வற்றுகின்றன என்று ஆண்டாண்டாகப் போராடினார்கள். எதைக் கொண்டுபோகிறோம், யாருடைய தண்ணீரில் கொண்டுபோகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கண்டெய்னரை அனுப்ப முடியுமா? சென்னைத் துறைமுகத்து லாரி வரிசைக்கு இது தீர்வா?

இன்றைய திட்டங்களில் பெரும்பாலானவை பலகை அடுக்குகளுக்கும் பார்சல்களுக்கும்தான். நாற்பது அடி கண்டெய்னர் 12 மீட்டருக்கு மேல் நீளம், இரண்டரை மீட்டர் அளவில் உயரமும் அகலமும். அது வளைவில் திரும்பவும் மேலே தூக்கி எடுக்கவும் பெரிய குழாயும் பெரிய நிலையமும் வேண்டும். சின்னக் குழாயின் சிக்கனம் அங்கே போய்விடும்.

சென்னைத் துறைமுகத்தின் பிரச்சினை கண்டெய்னர் பிரச்சினை. அதற்காகத்தான் மதுரவாயல் வரை பறக்கும் சாலை 2009-இல் தொடங்கி, நடுவில் வருடக்கணக்கில் நின்று, இப்போது இரண்டடுக்காக மறுபடியும் எழுகிறது. அங்கே ரயில் இணைப்பைப் பலப்படுத்துவதுதான் முதல் வேலை என்பது என் எண்ணம்.

லாரி ஓட்டுநர்களின் வேலை என்னாகும்?

ஜப்பானில் கேள்வியே தலைகீழ். அங்கே ஓட்டுநர் கிடைப்பதில்லை. 2024 ஏப்ரலிலிருந்து லாரி ஓட்டுநரின் கூடுதல் நேர வேலைக்கு ஆண்டுக்கு 960 மணி என்று உச்சவரம்பு வந்தது. ஓட்டுநரின் உடம்பைக் காக்கிற நல்ல சட்டம். ஆனால் சரக்கு தேங்கும் என்ற பயமும் கூடவே வந்தது. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே, சுமார் 500 கிலோமீட்டருக்கு, சரக்குக்கென்றே தானியங்கிப் பாதை போட அரசு திட்டமிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். சில பகுதிகளில் நெடுஞ்சாலையின் நடுவிலும் சில பகுதிகளில் சுரங்கத்திலும் அது போகும்.

நம் நிலைமை வேறு. ஆனாலும், இரவு முழுக்க விழித்து ஓட்டுகிற வேலையைப் பகலில் ஊருக்குள் பட்டுவாடா செய்கிற வேலையாக மாற்ற முடிந்தால், எனக்குத் தெரிந்த ஓட்டுநர் அண்ணன்களில் பாதிப் பேர் சந்தோஷமாக வருவார்கள்.

ஹைப்பர்லூப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது காற்றை உறிஞ்சிய குழாயில் அதிவேகமாகப் போவது. குழாய் தரைக்கு மேலேயும் இருக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில் 400 மீட்டருக்கு மேல் நீளமுள்ள சோதனைப் பாதை இருக்கிறது. ஆராய்ச்சியாக அது அருமை. சரக்குக்கு அந்த வேகம் தேவையா என்பது வேறு. சரக்குப் பக்கம் திரும்பிய ஹைப்பர்லூப் ஒன் நிறுவனம் 2023 இறுதியில் மூடப்பட்டது.

சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தால்?

புகுந்திருக்கிறது. சிகாகோவில் கைவிட்ட அந்தச் சுரங்கங்களின் மேல் ஆறு ஓடுகிறது. 1991 செப்டம்பரில் பாலத்தருகே ஆற்றுப்படுகையில் புதிதாக மரத்தூண்கள் அடித்தார்கள். அதன் அழுத்தத்தில் கீழே இருந்த சுரங்கச் சுவர் விரிந்து சேறு கசிய ஆரம்பித்தது. உள்ளே கேபிள் வேலைக்குப் போனவர்கள் சில மாதங்கள் கழித்து அதைப் பார்த்துப் படமும் எடுத்துக் கொடுத்தார்கள். சரிசெய்வதற்குள் 1992 ஏப்ரல் 13 வந்துவிட்டது. அன்று காலை ஆறு உள்ளே இறங்கியது. எந்த அடித்தளங்களுக்குக் கரி போனதோ, அதே வாசல்கள் வழியாகத் தண்ணீர் போனது. தெருவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, கட்டடங்களுக்குள் வெள்ளம். மின்சாரத்தை நிறுத்தி, நகர மையத்திலிருந்து ஆட்களை வெளியேற்றி, பங்கு, தானியச் சந்தைகளையும் நிறுத்தினார்கள். ஓட்டையை அடைக்கக் கல், சிமெண்ட், பழைய மெத்தை வரைக்கும் கொட்டிப் பார்த்தார்கள்.

ஓடுகிற சுரங்கத்தில் தினமும் ஆள் போவார்கள், பம்பு இருக்கும், கசிவு தெரிந்துவிடும். கைவிட்ட சுரங்கம்தான் ஆபத்து. ஆகவே திட்டம் போடும்போதே, ஓட்டம் நின்ற பிறகு அதைப் பராமரிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

நம் ஊரில் ஏற்கெனவே ஏதாவது இப்படிப் போகிறதா?

போகிறது. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையின் எரிபொருள் திருச்சி, மதுரைப் பக்கம் குழாயில்தான் போகிறது. திடப்பொருளிலும் உண்டு: கர்நாடகத்தின் குதிரேமுக் சுரங்கத்து இரும்புத்தாது குழம்பாக மங்களூர் வரை மண்ணுக்கடியில் போய்ச் சேர்ந்தது. குழாய்க்காக நிலம் கொடுக்க வேண்டியவர்களின் எதிர்ப்பும் நமக்குத் தெரியும். கொங்குப் பகுதி விவசாயிகள் எரிவாயுக் குழாயை எதிர்த்து நடத்திய போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

இதையெல்லாம் நேரில் பார்க்க முடியுமா?

சிகாகோவில் முடியாது, அந்தச் சுரங்கங்களில் இப்போது மின்சாரக் கம்பிகளும் தகவல் தொடர்புக் கம்பிகளும் போகின்றன. லண்டனில் முடியும். 2017 முதல் மவுண்ட் பிளசண்ட் பகுதியில் தபால் அருங்காட்சியகத்தோடு சேர்த்து அந்த ரயிலை ஓட்டுகிறார்கள். முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி உட்கார வேண்டிய குட்டி ரயில், மேலே கண்ணாடி மாதிரி மூடி. இரும்பு வளையங்கள் கோத்த சுரங்கத்தில் கால் மணி நேரம் போகும். பழைய பிளாட்பாரத்தில் நிறுத்தி, தபால் பைகள் ஏறி இறங்கிய விதத்தைக் காட்டுவார்கள்.

முடிந்து படியேறி வெளியே வந்தால், அதே மவுண்ட் பிளசண்டில் தபால் பிரிக்கும் அலுவலகம் இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது. சிவப்பு வேன்கள் அங்கிருந்து தெருவுக்குள் போய்க்கொண்டிருக்கும்.